வெளியூர்க்காரருக்கு விரால் கிடையாது

எங்கள் ஊர் ஏரியில் மீன் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களுக்கென்று சில கட்டளைகள் உண்டு. எங்கேயும் எழுதி ஒட்டியது கிடையாது. கரையில் ஒரு ஆள் நின்று வாயால் சொல்ல வேண்டும். அந்த ஆளுக்குக் கரைக்காரன் என்று பெயர். வருசத்துக்கு ஒரு வீடு என்று முறை வரும். எண்பதுகளின் நடுவில் ஒரு வைகாசியில் அந்த முறை என் வீட்டுக்கு வந்தது. அதே நாளில் என் தங்கையைப் பெண் பார்க்கவும் வந்தார்கள். இரண்டும் ஒரே புதன்கிழமை. அம்மன் நம்மை வைத்துக் கொஞ்சம் விளையாடலாம் என்று நினைத்துவிட்டால் இப்படித்தான் நாள் குறிப்பாள்.

ஊர் காரிமங்கலத்துக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் வைகாசி வரைக்கும் தண்ணீர் நிற்கும். பிறகு முழங்கால் அளவுக்கு வற்றும். அப்போது ஒரே ஒரு நாள் ஏரியைத் திறந்து விடுவோம். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாரும் வரலாம். என் அப்பா காலத்தில் யாரோ வெளியூரிலிருந்து பெரிய வலையோடு வந்து குஞ்சு குளுவான் மிச்சமில்லாமல் வாரிக்கொண்டு போனார்களாம். மறுவருசம் ஏரியில் தவளை மட்டும்தான் இருந்ததாம். அதற்கப்புறம் வந்ததுதான் இந்தக் கட்டளைகள்.

நாள் குறிப்பதற்குள் ஊர்க்கவுண்டருக்குத் தலை சுற்றிவிடும். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு. சனி பெருமாளுக்கு. திங்கள் அவர் வீட்டிலேயே விரதம். வியாழன் பூசாரி கறி மீன் தொடமாட்டார். ஞாயிறு என்றால் கூட்டம் தாங்காது. மிச்சம் புதன்தான். அவர் எனக்கு மாமன் முறை. திங்கள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, "புதன்கிழமைடா. இந்த வருசம் நீதான் கரை. கர்ப்பூரத்துக்குக் கைய நல்லாக் கழுவிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் தபால்காரர் வந்தார். ஒரு கார்டு. மாரண்டஹள்ளி தாண்டி ஓசூர் போகிற வழியில் ஒரு ஊரிலிருந்து, புதன்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று மாப்பிள்ளையின் அப்பா எழுதியிருந்தார். வேண்டாம் என்று எழுத நேரமில்லை. எழுத மனசும் இல்லை.

தங்கைக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பத்தாவது படித்தவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நானும் என் மனைவியும்தான் அவளுக்கு எல்லாம். அதுவரை நாலு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதாசி போடுகிறோம் என்று சொல்லிப் போனவர்கள்தான். கடிதாசி வந்ததில்லை. நாலு பேரும் என் மனைவி செய்த உப்புமாவை மட்டும் புகழ்ந்தார்கள். நாலாவது ஆள் போன அன்று தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அண்ணி, அடுத்த தடவ வர்றவங்ககிட்ட உப்புமாவையே கட்டிக் குடுத்துருங்க. சீரு செனத்தியும் வேண்டாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை. அது எனக்குத் தெரியும்.

புதன் காலை குளித்து, திருநீறு பூசி, ஏரிக்கரை அம்மன் கோயிலில் போய் நின்றேன். ஊரே நின்றது. பூசாரி என் உள்ளங்கையில் கர்ப்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். அது எரிகிற நேரத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். "உறவுன்னு பார்க்க மாட்டேன், பகைன்னு பார்க்க மாட்டேன். கட்டளைய மீறினவனை வுட்டா, என் வூட்டு வெளக்கு அம்மனுக்கு ஆகாது." சொல்லி முடித்தபோது கையில் ஒரு சின்னக் கொப்புளம் எழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அம்மனுக்கு விளக்கேற்றுகிற முறை எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறையாக இருக்கிறது. நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை, எட்டாவதோடு சரி. எனக்கென்று ஊரில் இருக்கிற ஒரே மரியாதை அந்த விளக்குத்தான். கரைக்காரன் தவறினால் அது போய்விடும். நான் எதற்குத் தவறப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன், பெண் பார்க்க வருகிறவர்களை வரவேற்க.

ஒன்பதரை பஸ்ஸில் வந்தார்கள். அப்பாவும் மகனும் மட்டும். அப்பா உயரமான மனிதர், முறுக்கிய மீசை, தோளில் சரிகைத் துண்டு. எங்கள் ஜனம்தான், ஆனால் எல்லையோரத்தில் இருந்து இருந்து பாதிப் பேச்சு கன்னடமாகிவிட்டது. மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. வெள்ளை பேண்ட், கையில் புது வாட்ச். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான், வாயைத் திறக்கவில்லை.

பெரியவர் கண் வீட்டுக்குள் நிற்கவில்லை. தெருவில் ஆள் ஆளாக மூங்கில் ஊத்தாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஊத்தா என்றால் மேலும் கீழும் வாய் திறந்த கூடை. கலங்கல் தண்ணீரில் மீனின் மேல் குத்திக் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். பெரியவர் ஒவ்வொரு ஊத்தாவையும் கண்ணாலேயே எண்ணினார்.

"பஸ்ஸுலயே கேட்டேன் தம்பி. டிக்கெட்டு வாங்குன ஆளுங்க பாதிப் பேரு கையில ஊத்தா. கண்டக்டரு ஏரித் தெறப்புன்னாரு."

"ஆமாங்க ஐயா. இன்னிக்குத்தான்."

"விரால் இருக்குங்களா?"

"இருக்குங்க."

தங்கை காப்பி கொண்டுவந்து வைத்தாள். மகன் நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே காப்பியைப் பார்த்தார். அப்பா காப்பியையும் பார்க்கவில்லை. உப்புமாவை மட்டும் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். "உப்புமா பிரமாதம்மா" என்றார். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் தங்கை இருமினாள். அது இருமல் இல்லை.

"பொண்ணப் பார்த்தாச்சு. மத்தத ஊருக்குப் போய்க் கடிதாசி போடறேன்" என்று எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். "இவ்வளவு தூரம் வந்துட்டு ஏரியப் பார்க்காம போறதுங்களா?"

அவர் கையில் நானே மஞ்சள் துணி கட்டினேன். வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும் உள்ளூரில் ஒரு வீட்டின் பேரில்தான் இறங்க வேண்டும், அந்த வீட்டுக்காரன் கையால் மஞ்சள் துணி கட்டிக்கொள்ள வேண்டும். அது முதல் கட்டளை. என் ஊத்தாவை அவருக்குக் கொடுத்தேன். மகனுக்குப் பக்கத்து வீட்டு ஊத்தா. கரையில் ஏறி நின்று மற்றதைச் சொல்ல ஆரம்பித்தேன். அன்று எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை.

"வலை கூடாதுங்க. ஊத்தாவும் கையும்தான். கவுண்டரு துண்டு வீசற வரைக்கும் யாரும் எறங்கக் கூடாது. மதகுக் குழிப் பக்கம் காலு வெக்காதீங்க, குஞ்சு கெடக்கு. கெண்ட, கெளுத்தி எவ்வளவு கெடைச்சாலும் எடுத்துட்டுப் போங்க, வயித்துக்குத்தான், விக்கறதுக்கு இல்ல. முழத்துக்கு மேல இருக்கற விரால் மட்டும் கரை தாண்டக் கூடாது. அது கோயில் அண்டாவுக்கு. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

"அது ஏன், விரால் மட்டும்?" ஒரு நல்லம்பள்ளிக்காரர் கேட்டார்.

"முழத்துக்கு மேல வளந்த விரால்தாங்க ஏரிக்கு வூட்டுக்காரரு. விருந்துக்கு வந்தவரு வூட்டுக்காரரத் தூக்கிட்டுப் போலாங்களா?"

ஊர்க்காரர்கள் மட்டும் அதை எடுக்கலாம். ஊருக்குப் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் எடுக்கலாம், அவர்கள் அடுப்பும் எங்கள் அடுப்பும் ஒன்று என்ற கணக்கில். அதை நான் வெளியூர்க்காரர்களிடம் சொல்வதில்லை. சொன்னால் பெரியப்பன் மகன், சித்தப்பன் மருமகன் என்று ஆளுக்கொரு உறவைக் கிளப்பிக்கொண்டு வருவார்கள்.

பத்தரைக்கு ஊர்க்கவுண்டர் துண்டை வீசினார். அவ்வளவுதான். முந்நூறு நானூறு பேர் ஒன்றாக ஏரிக்குள் இறங்கினால் எழுகிற சத்தம் இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஒரே நிமிடத்தில் களியாகிவிட்டது. எந்த மீன் யார் காலுக்குள் புகுகிறது என்று தெரியாமல் ஆளாளுக்குக் குதித்தார்கள். ஊத்தாவுக்குள் கையை விட்ட ஒருத்தர் பக்கத்து ஆளின் காலைப் பிடித்து இழுத்தார். மாப்பிள்ளைப் பையன் நாலு எட்டு வைத்தார், ஐந்தாவது எட்டில் முழுசாக உட்கார்ந்தார். வெள்ளை பேண்ட் போன இடம் தெரியவில்லை. எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். மூன்றாவது தடவை எழுந்திருக்க முயற்சி செய்யவில்லை, அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கரையில் பெண்கள் கூட்டத்தில் தங்கை நின்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

பெரியவரோ வேறு ஆளாக மாறிவிட்டார். சரிகைத் துண்டு தலையில், வேட்டி தார்ப்பாய்ச்சு. ஏரியின் நடுவில் கொக்கு மாதிரி அசையாமல் நிற்பார், திடீரென்று ஊத்தாவைக் குத்துவார். ஒரு கெண்டையைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. எடுத்ததை எல்லாம் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார். அவர் தேடியது வேறு.

பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும். ஒரு பெரிய குத்து. ஊத்தா ஆடியது. அவர் அதன்மேல் நெஞ்சை வைத்து அழுத்தி, கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டார். வெளியே வந்தபோது இரண்டு கையிலும் ஒரு விரால். கருகருவென்று, என் தொடை கனத்தில், ஒன்றரை முழம் இருக்கும். அதைச் சரிகைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். பத்து வயசு குறைந்திருந்தது.

"தம்பி, பொண்ணு வூட்டுலயே கொழம்பு வெக்கச் சொல்லு. மிச்சத்த ஊருக்கு எடுத்துட்டுப் போறேன்."

கட்டளையைச் சொன்னபோது அவர் கேட்டாரா, விரால் என்ற சொல்லோடு காது அடைத்துக்கொண்டதா, தெரியாது. ஊர்க்கவுண்டர் எதிர்க்கரையில் முதுகைக் காட்டி நின்றார். பக்கத்தில் யாரும் இல்லை. மீன் துண்டுக்குள் இருந்தது. நான் கொஞ்சம் வலது பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்திருந்தால் போதும், அவர் கரை ஏறிப் போயிருப்பார். கரைமேல் என் மனைவி நின்று, திரும்புங்க, திரும்புங்க என்று கண்ணாலேயே சொன்னாள். அவளுக்குப் பின்னால் தங்கை. இப்போது அவள் சிரிக்கவில்லை.

உள்ளங்கைக் கொப்புளம் சுள்ளென்று வலித்தது. நாலு பேர் போடாத கடிதாசியை இவராவது போடுவாரா என்று நான் ஏங்கிக் கிடந்தது அம்மனுக்குத் தெரியாதா. தெரிந்துதான் இந்த மீனை இவர் கையில் கொடுத்திருக்கிறாள். தாயே, இந்தக் காரியம் நல்லபடியாக முடிந்தால் ஒரு வருசம் மீனைத் தொடமாட்டேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டு குறுக்கே போய் நின்றேன்.

"ஐயா, நில்லுங்க. அந்த விரால் கரை தாண்டக் கூடாது."

அவர் நின்றார். "நானா?"

"நீங்க தாண்டலாங்க. அது தாண்டக் கூடாது."

"நான் உன் தங்கச்சியப் பார்க்க வந்தவன்."

"தெரியுங்க."

"உங்க வூட்டு உப்புமாவ ரெண்டு தட்டு தின்னவன்."

"உப்புமா எங்க வூட்டுதுங்க. விரால் ஊரோடது. கர்ப்பூரத்துல சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் நான் வுட முடியாதுங்க."

கரையில் என் மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டாள். அதற்குள் சுற்றிலும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஊர்க்கவுண்டரும் சேற்றைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மீன் ஒரு துள்ளுத் துள்ளியது. அவர் அதைத் தட்டிக் கொடுத்தார்.

"அப்ப இந்த ஏரியில யாருதான் விரால் எடுக்கறது?"

"ஊர்க்காரங்க" என்றார் ஊர்க்கவுண்டர். "அப்புறம் ஊருக்குப் பொண்ணு குடுத்தவங்க, எடுத்தவங்க."

"எடுத்தவங்கன்னா எதுலருந்து கணக்கு? தாலி கட்டுனதுலருந்தா?"

ஊர்க்கவுண்டர் கொஞ்சம் யோசித்தார். "வெத்தல பாக்கு மாத்திட்டாலே சம்பந்திதான்."

பெரியவர் மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "வெத்தல இருக்குங்களா?" என்றார்.

ஏரியே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மீனுக்காகத் தங்கையைக் கட்டுகிறார் என்று ஊர் பேசினால் என்ன செய்வது? பெரியவருக்கு என் முகத்திலேயே அது தெரிந்திருக்கும்.

"தம்பி, இங்க பாரு. எம் பையனுக்கு மூணு வூட்டுல பொண்ணு பார்த்தேன். என்ன கேட்டாலும் சரிங்க சரிங்கன்னு தலையாட்டுனாங்க. நான் கேட்டிருந்தா கூரையப் பிரிச்சுக் குடுத்திருப்பாங்க. முடியாதுன்னு சொன்னவன் நீ ஒருத்தன்தான், அதுவும் பொண்ணக் குடுக்கற எடத்துல நின்னுக்கிட்டு. இந்த வூட்டுப் பொண்ணு எங்க வூட்டுக்கு வந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "மீனும் நல்ல மீனு."

இதில் எனக்கு எத்தனை பங்கு, மீனுக்கு எத்தனை பங்கு என்று நான் கேட்கவில்லை.

"தங்கச்சியக் கேக்கணுங்க" என்றேன். கரைக்குப் போனேன். தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"அவரு வாயத் தொறந்து பேசுவாரான்னு கேளு. காலையிலருந்து ஒரு வார்த்தை வரல" என்றாள்.

மாப்பிள்ளைப் பையன் அதற்குள் தவழ்ந்து நடந்து கரையோரம் வந்திருந்தார். பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளை. என்னிடம் சொல்கிற மாதிரி அவளைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு மீன் புடிக்கத் தெரியாதுங்க. எங்கப்பா திட்டுவாருன்னுதான் எறங்குனேன். முள்ளெடுத்துச் சாப்பிட மட்டும் நல்லாத் தெரியும். உங்களப் புடிச்சிருக்குன்னு காலையிலயே சொல்லலாம்னு பார்த்தேன், காப்பி சூடா இருந்துச்சு."

தங்கை குனிந்து காலால் மண்ணைக் கிளறினாள். "அண்ணா, சரின்னு சொல்லு" என்றாள்.

இதோ முடிந்தது என்று நான் வெற்றிலைக்கு வீட்டுப் பக்கம் ஓட ஆரம்பித்தபோது பூசாரி கையை நீட்டி மறித்தார். "எங்க போறே? புதன்கிழம பன்னெண்டுலருந்து ஒன்ற ராகு காலம்."

மாப்பிள்ளை வாட்சைப் பார்த்தார். கண்ணாடிக்குள் ஏரி இருந்தது. முள் பன்னிரண்டே காலில் நின்றுவிட்டது. அந்த வாட்ச் அப்புறம் ஓடவே இல்லை, அதன்படி பார்த்தால் இன்றுவரைக்கும் ராகு காலம்தான். ஊரில் வேறு கடிகாரம் இருந்தவர்கள் அன்று அதைக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கவில்லை. கடைசியில், ஒன்றரை மணி பஸ் ஹாரன் அடித்தால் ராகு காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம் என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். எங்களூர் பஸ் நேரத்துக்கு முன்னால் வந்ததாகச் சரித்திரம் இல்லை, அதனால் தோசம் வராது.

அதுவரை விராலை என்ன செய்வது? வெளியூர்க்காரராக அவர் அதைக் கரை ஏற்ற முடியாது. அண்டாவுக்கு அனுப்பவும் அவருக்கு மனசில்லை. ஏரிக்குள்ளேயே ஊத்தாவைக் கவிழ்த்து அதற்குள் விட்டு, மேல்வாய் வழியாக வலது கையை நுழைத்துப் பிடித்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் குந்தி உட்கார்ந்துவிட்டார். உச்சி வெயில். யாரோ தலையில் ஈரத்துண்டு போட்டார்கள். யாரோ மோர் கொடுத்தார்கள், இடது கையால் வாங்கிக் குடித்தார். மீன் பிடித்து முடித்த சனம் எல்லாம் வீட்டுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

"சம்பந்தி ஆகப் போறவரே, மீனுக்கு ஜாதகம் பார்த்தீங்களா?" என்று ஒரு குரல்.

"பத்துப் பொருத்தமும் இருக்கு" என்றார் அவர்.

"கைய ஆட்டாதீங்க, அது உங்களப் புடிச்சுக்கிட்டுப் போயிரப் போவுது."

"போனா போறேன். அங்கயும் ஒரு சம்பந்தம் கெடைக்கும்."

நான் வீட்டுக்குப் போய்க் குளித்து, சாமி விளக்கை ஏற்றி, பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, வாழைப்பழம், ஒரு தேங்காய் எல்லாம் எடுத்து வைத்தேன். மனைவி புதுப் புடவை மாற்றிக்கொண்டாள். கரையில் வந்து நின்றோம். பஸ் வரவில்லை. ஒன்றரை ஆகியிருக்கும், இரண்டும் ஆகியிருக்கும். வெற்றிலை வாடிவிடக்கூடாது என்று மனைவி தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் புளியமரத் திருப்பத்தில் ஹாரன் கேட்டது. வாழ்க்கையில் ஒரு பஸ் வந்ததற்கு ஊரே கைதட்டியது அன்றைக்குத்தான்.

"வாங்க, மேல வந்து வாங்கிக்கங்க" என்றேன்.

"கைய எடுத்தா போயிரும் தம்பி. நீ இங்க வா."

தட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு நான் ஏரிக்குள் இறங்கினேன். மனைவி புதுப் புடவையோடு பின்னாலேயே இறங்கினாள். தங்கை கரையில் நின்றாள், பக்கத்தில் மூன்றடி தள்ளி மாப்பிள்ளை. பூசாரி அம்மன் குங்குமத்தைக் கொண்டுவந்தார். ஊர்க்கவுண்டர் சாட்சி. நான் தட்டை நீட்டினேன்.

பெரியவர் வலது கையால் மீனைப் பிடித்துக்கொண்டு இடது கையை நீட்டினார்.

கரையில் சத்தம் நின்றது. நல்ல காரியத்தை இடது கையால் தொடுவதா? என் மனைவிதான் மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு கையாலயும் வாங்கிக்கங்க. எங்க வூட்டுப் பொண்ணுங்க."

அவர் நீட்டிய கையைப் பார்த்தார். ஊத்தாவுக்குள் பார்த்தார். அந்த மீனைப் பிடிக்க அவர் காலையிலிருந்து பட்ட பாடு எனக்குத் தெரியும், ஒன்றரை மணி நேரமாக வெயிலில் வெந்ததும் தெரியும். ஊத்தாவிலிருந்து கையை மெல்ல எடுத்தார். ஏரித் தண்ணீரில் இரண்டு கையையும் கழுவினார். அது சேறுதான், ஆனாலும் கழுவினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

தட்டு என் கையை விட்ட அதே நொடியில் விரால் எகிறியது. ஊத்தாவின் மேல்வாயைத் தாண்டி அது பறந்ததை நான் பார்த்தேன். வெயிலில் அதன் வயிறு வெள்ளி மாதிரி மின்னியது. ஊர்க்கவுண்டரின் வயிற்றில் மோதி, தண்ணீரில் விழுந்தது. அவர் அதன்மேல் விழுந்தார். அவர்மேல் இரண்டு பேர் விழுந்தார்கள். கரையிலிருந்து இருபது பேர் குதித்தார்கள். மாப்பிள்ளையும் குதித்தார், விழுந்தார் என்றும் சொல்லலாம். பிடி, அங்க, காலுக்கடியில, அது என் காலுய்யா என்று ஒரே களேபரம். அத்தனைக்கும் நடுவில் பெரியவர் மட்டும் அசையவில்லை. தட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார். ஒரு பாக்குகூடச் சிந்தவில்லை.

விரால் மதகுக் குழிக்குள் போய்விட்டது. அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது. கரைக்காரன் நான்தான் போய்க் குறுக்கே நின்று எல்லாரையும் நிறுத்தினேன்.

"ஹோகலி வுடுங்க" என்றார் பெரியவர். போகட்டும் என்று அவர் பாஷையில். பிறகு என்னைப் பார்த்து முதல்முறையாக, "சம்பந்தி, பசிக்குது" என்றார்.

கோயில் அண்டாவில் வேறு விரால்கள் கொதித்துக்கொண்டிருந்தன. வேப்பமரத்தடியில் வரிசையாக இலை போட்டார்கள். மாப்பிள்ளை சொன்னது பொய்யில்லை, முள்ளை அப்படி அழகாக எடுத்துச் சாப்பிட்டார். பந்தி பரிமாறின தங்கை அவர் இலைக்கு வரும்போது மட்டும் முழுக் கரண்டியையும் கவிழ்த்துப் போட்டாள். சம்பந்தி என் இலையைப் பார்த்தார். வெறும் சோறும் மோரும் ஊறுகாயும்.

"என்ன சம்பந்தி, மீன் ஆகாதா?"

"இன்னிக்கு வேண்டாங்க."

என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை நாளைக்கு என்று மட்டும் கண்ணால் கேட்டாள். ஒரு விரலைக் காட்டினேன். ஒரு மாசமா என்று நினைத்துச் சிரித்தாள். இல்லை என்று தலையாட்டியதும் சிரிப்பு இன்னும் பெரிதாகிவிட்டது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. வெள்ளிக்கிழமை விளக்கு இன்னும் எங்கள் வீட்டு முறைதான்.

மறுவருசம் மழை கம்மி. ஏரி சித்திரையிலேயே வற்றிவிட்டது, சித்திரையிலேயே திறந்தார்கள். சம்பந்தி சொந்த ஊத்தாவோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். மஞ்சள் துணி கட்ட வேண்டியதில்லை என்பதைக் கரையில் நின்ற வெளியூர்க்காரர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். பத்து மணிக்கு இறங்கினவர் பதினொன்றுக்கே ஒன்றரை முழ விராலோடு நிமிர்ந்து கரை தாண்டி வந்தார். அதே மீன்தான் என்று இன்றுவரை சாதிக்கிறார். என் மனைவி மண்சட்டியில் புளிக்குழம்பு வைத்தாள். ஐந்து மாசப் பிள்ளைத்தாய்ச்சியாக வந்திருந்த தங்கை, சட்டி கொதிக்கும்போதே இரண்டு தடவை ருசி பார்த்தாள். வாசனை தெருக்கோடி வரைக்கும் போனது.

என் ஒரு வருசம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அம்மனை நினைத்துக்கொண்டு மோரை ஊற்றிப் பிசைந்தேன்.

"அண்ணா, உனக்கு உப்புமா பண்ணித் தரட்டுமா?" என்றாள் தங்கை.